சீனியம்மாள் கடலாக இருந்த கோடை

நண்டுத்துறையில் கோடை வந்தால் கடல் விடுப்பில் போகும். பள்ளிக்கூடமும் கோர்ட்டும் மூடிக் கிடக்கும்போது கடல் மட்டும் வேலை பார்க்க வேண்டும் என்பதில் நியாயமில்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் கடல் பார்க்க வருவதும் அதே கோடையில்தான். அதனால், வந்து தங்குகிறவர்களில் யாராவது ஒருவர் அது திரும்பும்வரை கடலாக இருப்பது அந்த ஊர் வழக்கம். பதிலுக்குக் கடல் அவர்கள் வீட்டில் போய்த் தங்கிக்கொள்ளும்.

அறை கேட்டு நான் போன் செய்தபோதே லாட்ஜ் உரிமையாளர் கஸ்பார் இதைச் சொல்லிவிட்டார்.

"மாடியில கடலைப் பார்த்த ரூம் இருக்கும்மா. ஆனா இந்த வருசம் கடலுக்கு ஆள் உங்க வீட்டுலருந்துதான் வரணும். போன வருசம் திருச்சிக்காரங்க கொடுத்தாங்க."

"எங்க வீடு விருதுநகர்ல இருக்கு. அதுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டேன்.

அவர் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தார். "ரொம்பச் சந்தோசமாம். தண்ணி இல்லாத ஊராத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சாம்."

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் கணவர் தவமணி, அவருடைய அக்கா சீனியம்மாள். எனக்கு மதினி. தவமணி அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மதினி அப்போதுதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக் கொடுத்து, எனக்குக் கட்டியும் வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கேயும் போனதில்லை. குற்றாலத்துக்குக் கூப்பிட்டாலும் திருச்செந்தூருக்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான். "எல்லாரும் கிளம்பிட்டா வீட்டை யார் பாக்குறது?" எங்கள் கல்யாணம் முடிந்து கொடைக்கானல் போனபோதுகூடத் தவமணி அவரை ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பார்த்தார். அதற்கும் அதே பதில் வந்தது. அன்றைக்கு அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

இந்தத் தடவை அந்தப் பதிலுக்கு வழி இல்லை. வீட்டைக் கடல் பார்த்துக்கொள்ளும். மதினி கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்று யோசித்தார். பிறகு பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தார்.

நண்டுத்துறை பஸ் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது கடல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நினைத்ததைவிட உயரம் குறைவு. பயணத்துக்காக அலைகளையெல்லாம் உள்ளே மடித்துச் செருகியிருந்தது. கையில் ஒரு சின்னப் பெட்டி. காலடியில் சிமெண்டுத் தரை நனைந்திருந்தது.

மதினி சாவியைக் கொடுத்தார். கூடவே வீட்டைப் பற்றியும் சொன்னார்.

"காலையில பால் பாக்கெட் கேட்டுல தொங்கும். எதிர்வீட்டுப் பூனை வரும், உங்களைக் கண்டா தினம் வரும், விரட்டிருங்க. வாசல் தெளிக்கத் தனியா தண்ணி எடுக்க வேண்டாம். நீங்க வாசல்ல ஒரு நடை நடந்தாப் போதும்."

"படுக்க ஈரமில்லாத இடமா ஒரு கட்டில் கிடைக்குமா?" என்று கடல் கேட்டது.

"மொட்டை மாடியில கயித்துக் கட்டில் கிடக்கு. மத்தியானம் அதுல கை வைக்க முடியாது, அப்படிச் சுடும்."

கடலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. விருதுநகர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டது. பஸ் திரும்பும்போது எங்களைப் பார்த்துக் கையசைத்தது. அந்த அசைவில் பஸ் நிலையத்திலிருந்த எல்லோரும் லேசாக நனைந்தோம்.

நண்டுத்துறையில் கரையை ஒட்டி நீளமாக ஒரு மரப்பாதை உண்டு. பழைய படகுகளின் பலகைகளை இழைத்துப் போட்டது. ஊர்க்காரர்கள் பலகைத்தெரு என்பார்கள். நடந்தால் காலுக்குக் கீழே தடதடவென்று சத்தம் வரும். நாலு பேர் சேர்ந்து நடந்தால் கல்யாண வீட்டுக்கு மேளம் வருவது போலிருக்கும். ஒரு பக்கம் முழுக்கக் கடைகள். மிளகாய் பஜ்ஜி, பஞ்சுமிட்டாய், சிப்பி மாலை, பலூனைச் சுடும் துப்பாக்கி, ராட்டினம். மரத்தில் செய்த பெரிய நண்டு ஒன்று நிற்கும். அதன் முகத்தில் ஓட்டை. அதற்குள் நம் முகத்தை வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கம் பெஞ்சுகள். பெஞ்சுகளில் ஆட்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, கடல் இருந்த பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் ஆரம்பிப்பதற்கு முன் வெள்ளைத் திரையைப் பார்ப்பது போல. படகுகள் மணலில் சாய்ந்து கிடந்தன. மீன்கள் பலகைத்தெருவுக்கு அடியில் நிழலில் ஒதுங்கி, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவர்களைப் போலப் பொறுமையாக இருந்தன.

தவமணிதான் கடலாக இருப்பது என்று ஊரிலேயே பேசியிருந்தோம். கடையில் நாள் முழுக்க நின்று அவருக்கு முதுகு வலி. கடலென்றால் படுத்துக்கொண்டே இருக்கலாம். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கிப் படுத்தார். நல்ல கடல்தான் வந்தது. நிறமும் குறையில்லை. ஒரு அலை எழுந்து கரைக்கு வந்தது. பலகைத்தெருவில் ஏறி பஜ்ஜிக் கடை வரைக்கும் போனது. அங்கே நின்று சட்டியை எட்டிப் பார்த்தது. அப்படியே நின்றுவிட்டது.

"வந்தாத் திரும்பிப் போகணும் அண்ணாச்சி," என்றார் கஸ்பார். "அதுதான் இந்த வேலையே."

தவமணி போனார். அடுத்த அலையும் பஜ்ஜிக் கடைக்கே வந்தது.

பிறகு நான் இறங்கினேன். எனக்கு வரவும் தெரிந்தது, போகவும் தெரிந்தது. ஆனால் பாதி வழியில் ஏதாவது ஞாபகம் வந்து நின்றுவிடுவேன். கடலில் பாதி அலைகள் எழுந்தபடியே யோசித்துக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். பெஞ்சிலிருந்து ஒருவர் மரியாதையாகவே சொன்னார். நான் எழுந்துவிட்டேன்.

மதினி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பெட்டியை என்னிடம் நீட்டினார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"நகருங்க," என்றார்.

அவர் இறங்கிய வேகத்தில் சாய்ந்து கிடந்த படகுகளெல்லாம் நிமிர்ந்தன. மீன்கள் பலகைக்கு அடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. பெஞ்சில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

மதினியைப் போல ஒரு கடல் அந்தக் கரைக்கு வந்ததில்லை என்று கஸ்பார் பலரிடம் சொன்னார். அலைகள் முறையாக வந்தன, முறையாகப் போயின. ஒன்று போவதற்குள் இன்னொன்று முண்டியடிக்காது. சாப்பிட்ட கையோடு குளிக்க இறங்கியவர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கரையில் விட்டார். ஆழத்துக்குப் போன இளவட்டங்களின் காதைத் திருகி இழுத்து வந்தார். இத்தனை வருடங்களாகத் தொலைந்த செருப்புகளையெல்லாம் அடியிலிருந்து எடுத்து, ஜோடி சேர்த்து, அலசி, பலகைத்தெருவின் ஓரமாக வரிசையாக வைத்தார். வந்தவர்கள் அவரவர் செருப்பை அடையாளம் பார்த்து மாட்டிக்கொண்டு போனார்கள்.

உப்பையும் குறைத்தார்.

"இதுக்கு முன்னாடி இருந்தவங்க கை தாராளம்," என்று ஒரு அலை வந்து என்னிடம் சொன்னது. "தம்பிக்கு வேற பிரஷர் இருக்கு."

மீன்களுக்கு முதல் நாள் வாய்க்குப் பிடிக்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பேர் வாங்கியது சங்குதான். கடைகளில் விற்கும் சங்கைக் காதில் வைத்தால் எப்போதும் வெறும் இரைச்சல் கேட்கும். எக்ஸ்சேஞ்சில் இருந்தவருக்கு அது பொறுக்கவில்லை. மேலூரிலிருந்து வந்த ஒரு அம்மா சங்கை எடுத்துக் காதில் வைத்தார்.

"யார் வேணும், சொல்லுங்க?" என்றது சங்கு.

"மஸ்கட்ல என் மகன் இருக்கான்."

"லைன்ல இருங்க."

அந்த மகன் அங்கே கடற்கரையில் ஒரு சங்கைச் சும்மா கையில் எடுத்திருந்தான். இரண்டு பேரும் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள். அதற்குப் பிறகு சிப்பிக் கடையில் கூட்டம் அலைமோதியது. கொழும்புக்கும் பினாங்குக்கும் கேட்டார்கள். ஒருவர் மட்டும் தூத்துக்குடிக்குக் கேட்டார். "அது பக்கத்துலதான இருக்கு, நேர்ல போயிட்டு வாங்க," என்று மதினி வைத்துவிட்டார்.

நானும் தவமணியும் பலகைத்தெருவில் நடந்தோம். ராட்டினத்தில் ஏறினோம். நண்டின் முகத்தில் முகம் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கரைக்குப் போய்வர வேண்டியிருந்தது.

"அக்கா, என் கண்ணாடி எங்க?"

ஒரு அலை அவர் காலருகே வந்தது. "நீலப் பையில, துண்டுக்கு அடியில." போய்விட்டது.

"அக்கா, அந்தக் கோடு போட்ட சட்டை?"

"கொடியில காயுது."

"அக்கா, வயிறு ஒரு மாதிரி இருக்கு."

"பஜ்ஜியை நிறுத்து."

நானும் சும்மா இல்லை. தலைவலித் தைலம் எங்கே, நாளைக்கு என்ன கிழமை, பக்கத்து அறைக்காரர்கள் காபிக்குக் கூப்பிட்டால் போகலாமா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அலை வந்து பதில் சொன்னது. அவர் அங்கே ஒரு கரை முழுவதற்கும் கடலாக இருந்தார். எங்களுக்கு மட்டும் அடுப்படியில் நிற்பது போலவே இருந்தார்.

ஒரு நாள் காலையில் தவமணி கரையில் நின்று கூப்பிட்டார். அலைகள் வந்தன, போயின. பதில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போய் முழங்காலளவில் நின்று கூப்பிட்டார். வேட்டி நனைந்ததே தவிர வேறொன்றுமில்லை.

"அவுங்க இப்ப அந்தப் பக்கம் இருப்பாங்க," என்றார் பஜ்ஜிக் கடைக்காரர். "அங்கயும் ஒரு கரை இருக்குல்ல."

தூரத்தில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் அப்பால் தண்ணீர் பளபளத்தது. மதினி அங்கே இருந்திருக்க வேண்டும். தவமணி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கி வைத்திருந்தார் என்று நினைத்தேன். கிட்டே போனால் கண் கலங்கியிருந்தது.

"நான் கூப்பிட்டு அக்கா வராம இருந்ததே இல்ல, செண்பகம்."

எனக்கும் அன்றைக்கு ஒரு கேள்வி இருந்தது. இட்லிக்குச் சொல்லலாமா, பூரிக்குச் சொல்லலாமா என்பது. நானே பூரிக்குச் சொன்னேன். பூரி நன்றாகவே இருந்தது. அதைச் சாப்பிடும்போது, இத்தனை வருடங்களில் மதினிக்கு இட்லி பிடிக்குமா பூரி பிடிக்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லையே என்று தோன்றியது. அடுத்த பூரி இறங்கவில்லை.

அன்று மத்தியானம் ஊரிலிருந்து எதிர்வீட்டுப் பாக்கியத்தாய் போன் செய்தார். விருந்தாளி நல்ல மாதிரி என்றார். யாரோடும் வம்பு தும்பு இல்லை. பகலெல்லாம் மொட்டை மாடிக் கட்டிலில் வெயில் காய்கிறது. சாயங்காலம் எண்ணெய் பரோட்டா சாப்பிடப் போகிறது. தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் வாசலில்தான் இருக்கின்றன. அவர் மாடியில் போட்ட வடகம் மட்டும் காயமாட்டேன் என்கிறது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

"இன்னொண்ணு செண்பகம். திரும்பிப் போற எண்ணம் இருக்கிற மாதிரித் தெரியல. ரேசன் கடை எங்க இருக்குன்னு விசாரிச்சுச்சு."

நான் போனை வைப்பதற்கும் கஸ்பார் மாடியேறி வருவதற்கும் சரியாக இருந்தது. விஷயம் அவருக்கும் வந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"இது நடக்கிறதுதான். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா அப்படியே மாத்திக்கலாம். இப்ப உங்க வீட்டுல இருக்கே, அது நாமக்கல்ல லாரிப் பட்டறை வச்சிருந்தவருதான். குடும்பத்தோட வந்தாரு. பிடிச்சுப்போச்சு, இருந்துட்டாரு."

"அவர் குடும்பம்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க. கோடைக்குக் கோடை வந்து காலை நனைச்சுட்டுப் போறாங்க."

அவர் இறங்கிப் போன பிறகு தவமணி அறைக்குள் நடந்தார். ஜன்னல் வரை போனார், கதவு வரை வந்தார்.

"அக்கா வந்துரும். வீடு இருக்கு. நான் இருக்கேன். கடலா இருக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா?"

"அதை அவங்ககிட்டதான கேக்கணும்."

"என்னன்னு கேக்குறது?"

"இதுவரைக்கும் என்ன கேட்டீங்களோ அதை விட்டுட்டு வேற கேளுங்க," என்றேன்.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேரும் பலகைத்தெருவின் கடைசிக்குப் போனோம். அங்கே கடைகள் இல்லை. பலகைகள் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் நீண்டிருக்கும். தவமணி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டார். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். தண்ணீர் ஏறி வந்து அவர் பாதத்தைத் தொட்டது.

"கண்ணாடி வலது பக்கப் பையிலயே இருக்கு," என்றார் மதினி.

"கண்ணாடி கேக்க வரலக்கா."

தண்ணீர் காத்திருந்தது.

"உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார் தவமணி.

சின்னச் சின்ன அலைகள் தூணில் மோதின.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. காலை நீட்டிட்டேன். எங்க நீட்டினாலும் எதுலயும் இடிக்கல. முதல்ல பயந்து பயந்துதான் நீட்டினேன். ஒரு பக்கம் சிலோன் வரைக்கும் போச்சு. அப்புறம் மத்தக் காலையும் நீட்டினேன்."

தவமணி தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுக் கட்டில் குட்டைதான்," என்றார்.

"குட்டைதான்."

"ஒரு நாளும் சொல்லலையே."

"நீ கேக்கலையே."

எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. போகவில்லை. தவமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். கஸ்பார் சொன்னதையும் பாக்கியத்தாய் சொன்னதையும் எதையும் விடாமல் சொன்னார். விருப்பமிருந்தால் இப்படியே இருந்துவிடலாம் என்பதையும் சொன்னார்.

"நீ என்ன சொல்ற?" என்று மதினி கேட்டார்.

"நான் தோசை ஊத்தப் பழகிக்கிடுதேன்," என்றார் தவமணி.

மதினி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கரை நெடுகிலும் ஒரே அலையாக எழுந்து பலகைத்தெருவில் விழுந்தது. பஜ்ஜி அடுப்பு அணைந்தது. பஞ்சுமிட்டாய் கரைந்தது. ராட்டினத்தில் உச்சியில் இருந்தவர்கள்வரை நனைந்தார்கள். எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாருக்கு என்ன நல்ல செய்தி என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள்.

பிறகு தண்ணீர் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. படகுகள் மறுபடி மணலில் சாய்ந்தன. மதினி யோசிப்பதற்காகத் தூரமாகப் போயிருந்தார். வீட்டிலும் யோசிக்க வேண்டுமென்றால் கிணற்றடிக்குத்தான் போவார். விஷயம் பரவி, ஊரே பலகைத்தெருவில் வந்து நின்றது. கஸ்பார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சிப்பிக் கடைக்காரர் ஒரு சங்கை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "லைன்ல இருங்கன்னு சொல்றாங்க," என்றார்.

தவமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சரி என்று சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே அளவு மனதாரத்தான் நினைத்தேன்.

வானம் செம்மண் நிறத்துக்கு மாறியபோது மதினி திரும்பி வந்தார். அவசரமில்லாமல் வந்து, பலகையின் விளிம்பில் நின்றார்.

"வேண்டாம் தம்பி. இதையே வேலையா எடுத்துக்கிட்டா, அப்புறம் விடுமுறைக்கு நான் எங்க போறது?"

கூட்டத்தில் பலரும் அது சரிதான் என்றார்கள்.

தவமணிக்கு மூச்சு வந்தது. "அப்ப நாளைக்கே நம்ம ஊருக்கு..."

"ஊருக்கும் இப்ப இல்ல," என்றார் மதினி. "கடலா இருந்து எத்தனையோ ஊரைப் பாத்துட்டேன். எல்லாத்தையும் முன்பக்கம் மட்டுந்தான் பாத்திருக்கேன். கலங்கரை விளக்கம், அதுக்குப் பின்னால ஒரு கோபுரம், ஒரு மாதா கோவில். அதோட நின்னுருது. அந்தத் தெருவெல்லாம் திரும்பி எங்க போகுதுன்னு நடந்து போய்ப் பாக்கணும். பின்பக்கத்தைப் பாத்துட்டு வாரேன்."

"தனியாவா?"

"அம்புட்டுக் கப்பலை ஏத்தி இறக்கியிருக்கேன். ஒரு பஸ்ஸுல ஏறத் தெரியாதா?"

மறுநாள் காலையில் அவரே கடலுக்குப் பேசினார். எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு சங்கு உண்டு. இந்தப் பக்கம் சொன்னது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"எழுந்துட்டீங்களா? ... ஆமா, கிளம்ப வேண்டியதுதான். ... வெயில் இங்கயும் அடிக்குது. ... பரோட்டா வாங்கிக்கிட்டு வாங்க, யார் வேண்டாங்கிறா. ... அடுத்த வருசம் வாங்க. கட்டில் அங்கயே கிடக்கும். ... சாவியைப் பாக்கியத்தாய்கிட்ட கொடுத்துருங்க."

கடல் சாயங்காலப் பஸ்ஸில் வந்து இறங்கியது. கறுத்துப்போயிருந்தது, ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. கஸ்பாருக்குச் சாத்தூர் காராச்சேவு வாங்கி வந்திருந்தது. பலகைத்தெருவில் நின்று தன் இடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. மதினி ஒரு பக்கமாக ஒதுங்கினார். அது இன்னொரு பக்கமாக இறங்கியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேர்ந்து கடலாக இருந்தார்கள். அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், ஒரு காலுக்கு இதமாகவும் ஒரு காலுக்குச் சில்லென்றும் இருந்ததாகச் சொன்னார்கள்.

"உப்பு கம்மியா இருக்கே," என்றது கடல்.

"இருக்கட்டும். மீனெல்லாம் பழகிருச்சு," என்றார் மதினி.

கரையேறிப் புடவையைப் பிழிந்தார். பிழிந்ததில் ஒரு சின்ன மீன் விழுந்தது. அதை எடுத்துத் திருப்பி விட்டார். பிறகு எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பஜ்ஜி சொல்லட்டுமா மதினி? இல்ல, பூரி வாங்கிட்டு வரட்டுமா? உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டேன்.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் பஞ்சுமிட்டாய்தான் பிடிக்கும்," என்றார்.

வாங்கி வந்து கொடுத்தேன். கால்களை நன்றாக முன்னால் நீட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே, ஒரு நூல் விடாமல் சாப்பிட்டார். நடந்து போகிறவர்கள் அவர் கால்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் பஸ் நிலையத்தில் எங்கள் பஸ் வருவதற்கு முன்பே அவருடைய பஸ் வந்துவிட்டது. தவமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. "போய் இறங்கினதும் ஏதாவது ஒரு சங்கைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுக்கா," என்றார். மதினி அவர் தலைமுடியைக் கலைத்துவிட்டு ஏறினார். ஏறுகிற எட்டு பெரிதாக இருந்தது. இரண்டு படிகளைத் தாண்டி வைத்தார்.

பஸ்ஸில் கூட்டம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஒரு மலை உட்கார்ந்திருந்தது. உச்சியில் கொஞ்சம் மேகம் இருந்தது. எங்கேயோ கல்யாணத்துக்குப் போகிறது போல; தோளில் புது ஜரிகைத் துண்டு. மதினி நிற்பதைப் பார்த்ததும் அது ஜன்னல் பக்கமாக நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தது. தவமணி ஜன்னல் வழியாகப் பெட்டியை நீட்டினார். மலை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. கண்டக்டர் விசில் கொடுத்தார்.